எண்ணெய்ச் செய்தி படிப்பது எப்படி: ஒரு ரேம்புக்காரியின் 555 புத்தகம்

மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எனக்கு ஒரு ரேம்பு இருக்கிறது. சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் செம்பனைக் குலைகளை எடை போட்டு வாங்கி, லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பும் இடம். வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அன்றைய விலையை அதில் சாக்கட்டியால் எழுதுவேன். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நான் உலகக் கச்சா எண்ணெய் அரசியலைப் படிக்கிறேன். பழத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கடைசியில் சொல்கிறேன்.

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. முதல் நாள்தான் அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மேல் குண்டு போட்டிருந்தது. காலையில் பிரெண்ட் விலை, அதாவது உலகம் அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெய் விலை, பீப்பாய்க்கு 80 டாலரைத் தாண்டியது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆளாளுக்கு மூன்றாம் உலகப் போரையே தொடங்கிவிட்டார்கள். நானும் மயங்கி, பலகையில் டன்னுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) கூட்டி எழுதிவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் ஈரான் கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மேல் ஏவுகணை விட்டது. விலை எகிறியிருக்க வேண்டுமே? 7 சதவீதம் இறங்கி 71.48 டாலரில் முடிந்தது. செவ்வாய்க்கிழமை ஆலை விலையைக் குறைத்தது. நான் கூட்டிக் கொடுத்த காசு போனதுதான்.

அன்றைக்கே கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றை எண்ணெய்க்கென்று ஒதுக்கினேன். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பள்ளிக்கூட உலகப் படம் ஒன்று போதும்.

செய்தி வந்ததும் முதலில் டாலரை லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 71.48 டாலரை, ஒரு டாலருக்கு 4 வெள்ளி 25 காசு என்று வைத்துப் பெருக்கினால் கிட்டத்தட்ட 304 வெள்ளி. 159-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1 வெள்ளி 91 காசு. இது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்க்கு மட்டும். அதைச் சுத்திகரித்து, லாரியில் ஏற்றி, நம் ஊர் எண்ணெய்க் கடைக்குக் கொண்டுவந்து அப்போது ரோன் 95 பெட்ரோலை விற்ற விலை 2 வெள்ளி 5 காசு. அத்தனை செலவும் நடுவில் இருக்கும் 14 காசுக்குள் அடங்காது; மிச்சத்தை அரசாங்கம் கட்டியது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வருஷம் செப்டம்பர் 30 முதல் மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டும் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசு, மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு என்று பிரித்தார்கள்.

அதனால் புத்தகத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: உலகம், புத்ராஜெயா (நம் அரசாங்கம்). 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. அதற்குக் காரணம் எந்தக் குண்டும் இல்லை. மானியத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். என் லாரி ஓட்டுநர் மட்டும் அரபுக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

அடுத்து, எண்ணெய்க் கப்பல்கள் போகும் வாசல் எது என்று பாருங்கள். உலகப் படத்தில் ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே இருக்கும் ஓர்முஸ் நீரிணையில் விரலை வையுங்கள். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர்தான். 2024-இல் தினமும் சுமார் 2 கோடி பீப்பாய் அந்த வழியாகப் போனது. அப்போது உலகம் எரித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது ஆசியாவுக்கு: சீனா, இந்தியா, ஜப்பான், கொரியா. ஈரானின் சொந்த எண்ணெய்க்கும் அதுதான் வாசல். இதை எழுதி வைத்திருந்தால் அந்த ஜூன் 23 எனக்குப் புரிந்திருக்கும். ஏவுகணை விழுந்தது ராணுவத் தளத்தில். கப்பலிலோ எண்ணெய்க் கிணற்றிலோ இல்லை. வியாபாரிகள் அதைப் பார்த்து, ‘வாசலைத் தொடவில்லை’ என்று விற்கத் தொடங்கிவிட்டார்கள். நான் சத்தத்தைக் கேட்டேன், அவர்கள் இடத்தைப் பார்த்தார்கள்.

மலாக்கா நீரிணையும் ஒரு வாசல்தான். நம் பாகான் டத்தோ கரையை ஒட்டிய அதே கடல், சிங்கப்பூர் அருகே 3 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது.

பிறகு, குழாய் யார் கையில்? பூமிக்கு அடியில் அதிகம் வைத்திருப்பவர் பெரிய ஆள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கையிருப்புக் கணக்கில் உலகத்திலேயே முதலிடம் வெனிசுலாவுக்கு. அந்த எண்ணெய் தார் மாதிரி கெட்டி, எடுக்கவும் காசு இல்லை. சவூதிக்கு இருக்கும் பலம் வேறு மாதிரி. வேண்டுமென்றால் குறைக்கலாம், வேண்டுமென்றால் சில வாரங்களில் கூட்டலாம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் குழாயை இறுக்கியபோது 3 டாலர் அளவில் இருந்த பீப்பாய், அடுத்த ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பு குழாய் மேற்கத்தியக் கம்பெனிகள் கையில் இருந்தது. 1951-இல் ஈரானில் பிரதமர் மொசாதெக் அதை நாட்டுடைமை ஆக்கினார். 1953-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து அவர் ஆட்சியைக் கவிழ்த்தன. நம் நாட்டில் அரசாங்க எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோனாஸ் வந்தது 1974-இல். ‘ஒபெக் பிளஸ் கூட்டம்’ (எண்ணெய் விற்கும் நாடுகளின் கூட்டணி கூடுவது) என்று செய்தி வந்தால் அறிக்கையை விடுங்கள்; சவூதி எத்தனை பீப்பாய் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைக்க இடம் இருக்கிறதா என்பதும் விலைதான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் ஒப்பந்த விலை மைனஸ் 37.63 டாலருக்குப் போனது; அதாவது எண்ணெயை எடுத்துக்கொள்ள விற்பவரே காசு கொடுக்க வேண்டிய நிலை. நகரத்துக்காரர்களுக்கு அது அதிசயம். ஆலை பழுதாகி நின்ற நாளில் ஒரு ரேம்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பழத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

இனி எனக்குப் பிடித்த பாடம்: பீப்பாய் யார் பெயரில் வருகிறது? குலை மரத்தில் இருக்கும்வரை அது இன்னாருடைய பழம். என் ரேம்பில் கொட்டிவிட்டால் எல்லாப் பழமும் ஒரே குவியல். ஆலை எடைமேடைச் சீட்டில் என் பெயர்தான் வரும். அதனால்தான் ராத்திரியில் ரசீது இல்லாமல் மோட்டாரில் பழம் கொண்டுவருபவனை நான் உள்ளே விடுவதில்லை. கடலிலும் இதே வேலை நடக்கிறது. சீனச் சுங்கக் கணக்கைப் பார்த்தால், 2024-இல் மலேசியாவிலிருந்து வாங்கியதாகச் சொல்லும் கச்சா எண்ணெய், நாம் மொத்தமாக எடுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஈரான் பெயரை அந்தக் கணக்கில் காணவே காணோம். அமெரிக்கா தடை விதித்த ஈரான் எண்ணெய் ஜொகூர் கிழக்குக் கடலில் கப்பலுக்குக் கப்பல் மாறி, ‘மலேசிய எண்ணெய்’ ஆகிப் போனது. ஆகவே ‘ஈரான் மேல் புதிய தடை’ என்று படித்தால், அந்த எண்ணெய் நின்றுவிட்டதா, பெயர் மாறியதா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

கடைசியில்தான் நம் பழம். பக்கத்துக் கம்பத்து ஐயா ஒருவர் அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, ஈரான்ல குண்டு போட்டா எம் பழத்துக்கு என்னா?”

“பனை எண்ணெயையும் டீசல்ல கலக்குறாங்க ஐயா. நம்ம நாட்டுல பத்து சதவீதம், இந்தோனேசியாவுல நாப்பது. டீசல் விலை ஏறுனா கலக்குறது லாபம், நம்ம எண்ணெயும் ஏறும்.”

“அப்ப நேத்து ஏறிச்சு, இன்னிக்கு எறங்கிருச்சு.”

“ஆமாம் ஐயா.”

“நேத்தே கொண்டாந்திருப்பேன், மோட்டார் டயர் பஞ்சர்.” அவர் தே ஓ-வைக் குடித்துவிட்டுப் பழத்தை இறக்கப் போனார்.

இப்போதெல்லாம் செய்தி வந்த உடனே பலகையைத் தொடுவதில்லை. லிட்டர், வாசல், குழாய், பெயர் என்று நாலு வரி எழுதிவிட்டு, ஆலையிலிருந்து விலை சொல்லிக் கூப்பிடும்வரை சாக்கட்டி மேசை டிராயரிலேயே கிடக்கும்.