கரி மையில் கருப்பு வெள்ளைப் படம் அச்சிடுவது எப்படி

கலர் பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படம் போட்டவர்களுக்குத் தெரியும், சாம்பல் நிறத்தில் எங்கேயாவது லேசாகப் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும், ட்யூப் லைட்டில் சரியாக இருந்த படம் ஜன்னலோரம் போனால் வேறு மாதிரி தெரியும். கருப்போடு சியான், மெஜந்தா, மஞ்சளையும் கலந்து பிரிண்டர் சாம்பலை உண்டாக்குவதுதான் காரணம். எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் கரி மையே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கரி சுலபத்தில் வெளுக்கவும் வெளுக்காது. ஓலையில் கீறிக் கரி தேய்த்த எழுத்தை இன்றும் படிக்க முடிகிறதே.

பியேசோ ஹெட் (சூடாக்காமல், அழுத்தத்தால் மையைத் தெளிக்கும் தலை) உள்ள எப்சன் பிரிண்டர் வேண்டும். 1400, 1430 மாதிரி ஆறு மை போடும் பழைய மாடலும், சிப்போடு வரும் மறுநிரப்புக் கார்ட்ரிட்ஜும் போதும். அந்தப் பிரிண்டரை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், நடுவில் கலருக்கு மாற்றாதீர்கள்.

ஒன்றில் முழுக் கருப்பு, மற்ற ஐந்தில் அதே மையைப் படிப்படியாக நீர்த்து ஊற்ற வேண்டும். வானம், முகத்தில் வெளிச்சம் விழும் இடம் எல்லாம் முழுக் கருப்பை மட்டும் வைத்து அச்சிட்டால் மணல் தூவினது போலப் புள்ளி தெரியும், நீர்த்த மைதான் அதை வழவழப்பாக்கும். வெறும் தண்ணீரில் நீர்க்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரோடு, நாசில் (மை வெளிவரும் நுண்துளை) காயாமலிருக்கக் கிளிசரினும், மை சீராக ஓட ஈரமூட்டியும் சேர்ந்த கலவை வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பியேசோகிராஃபி போன்ற ஆயத்த மை வாங்குவதே நல்லது என்பேன்.

எப்சன் டிரைவர் இதற்கு உதவாது, கார்ட்ரிட்ஜில் கலர் இருப்பதாகவே அது நினைக்கும். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன்ரிப் மென்பொருளில் எந்த இடத்தில் எந்தச் சாம்பல் என்று சொல்லிவிடலாம். முதலில் மை அளவு: சோதனைப் பட்டையில் எந்தப் படிக்கு மேல் கருப்பு கூடாமல் மை ஊற மட்டும் செய்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். அப்புறம் 21 படிச் சாம்பல் பட்டையை அச்சிட்டு, ஓர் இரவு காயவிட்டு (காயும்போது அடர்த்தி மாறும்) அளந்து, படிகள் சீராகும்படி திருத்துங்கள். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லையென்றால், தானியங்கித் திருத்தங்களை அணைத்த ஸ்கேனரே போதும்.

பேப்பர், மேட் பூச்சுள்ள காட்டன். கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் என்ற தாளில், வெள்ளையைத் தூக்கிக் காட்டச் சேர்க்கும் வெளுப்பூட்டி கிடையாது, அதனால் வெள்ளை நாளடைவில் மாறாது. மேட் கரி மையைப் பளபளப்புத் தாளில் போட்டால் விரல் பட்டாலே வந்துவிடும். கரியின் நிறம் கொஞ்சம் பழுப்புதான். அதை மறைக்க நீலம் சேர்ப்பவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. முதலில் வெளுப்பது அந்த நீலம்தான்.

பிரிண்டர் சில நாள் சும்மா இருந்தால் கரி அடியில் படியும். மைப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் கறுத்த வண்டல் தெரியும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், வேகமாகக் குலுக்கினால் குமிழி வந்து நாசிலை அடைக்கும். ஒவ்வொரு முறையும் நாசில் செக் (எல்லா நாசிலிலும் மை வருகிறதா என்ற சோதனை அச்சு) பார்த்த பிறகே விலை உயர்ந்த தாளை வையுங்கள்.