சரிவு நிலத்துல மண் வரப்பு போடுறது எப்படி (முதல் தடவை போடுறவங்களுக்கு)

மண்ணைக் குவிச்சு வச்சாலே அதுக்கு ஒரு பலம் வந்துடும். கல்லுச் சுவரு குண்டு பட்டா செதறும், மண்மேடு அதை உள்ள வாங்கிக்கும், அதான் இலங்கையில வன்னிப் போர்ல மைல் கணக்குல மண் அணை போட்டாங்க. ஆனா நம்ம வரப்பு தண்ணிக்கானது, தண்ணி வேற மாதிரி, அது ஓட்டை தேடும்.

முதல்ல மட்டம். ஆறடிக் கம்பு ரெண்டை மேல சேத்துக் கட்டி, நடுவுல குறுக்குக் கட்டை, உச்சியில இருந்து நூல்ல ஒரு கல்லு. குறுக்குக் கட்டையில நூல் தொடுற இடத்தைக் குறிச்சுட்டு, அதே ரெண்டு இடத்துல காலை மாத்தி வச்சு திரும்பக் குறிங்க, ரெண்டு குறிக்கும் நடுவுதான் மட்டம். நூல் அந்த நடுவுல நிக்கிற மாதிரி காலை வச்சு, நிலத்துல நடந்து நடந்து முளைக்குச்சி அடிச்சுட்டுப் போங்க, கோடு வளைஞ்சு வளைஞ்சுதான் வரும், நேராக்கிடாதீங்க.

அடுத்து வரப்பு உக்காரப்போற இடத்துல புல்லு, வேரு எல்லாம் சுரண்டி எடுத்துட்டு லேசா கொத்தி விடுங்க. புல்லு மேலயே மண்ணைக் கொட்டுனா அது மக்கி அடியிலயே தண்ணி கசியும்.

மண்ணு மேட்டுப் பக்கம் வெட்டுங்க, குழிக்கும் வரப்புக்கும் ஒரு அடி இடம் விட்டு. 2 அடி உசரம்னா மேல 1 அடி, அடியில 7 அடி அகலம் வேணும். அரை அடி அரை அடியா போட்டு, ஈரம் பண்ணி, திமிசுக் கட்டையால இடிங்க. அப்புறமும் கொஞ்சம் அமுங்கும், அதனால கால் அடி கூடவே ஏத்துங்க. கரிசல் மண்ணா இருந்தா இந்த முறை வேண்டாம், கோடையில வெடிப்பு விட்டு அது வழியாவே உடைச்சுக்கும்.

இப்ப நான் கெஞ்சிக் கேக்குறது ஒண்ணுதான், கலிங்கு, அதாவது மிச்சத் தண்ணி வெளிய போற வழி, வைக்காம விடாதீங்க. முதல் வருசம் நான் தண்ணி மொத்தமும் நிக்கட்டும்னு வழியே விடல, ஒரு ராத்திரி மழையில கரை மேல வழிஞ்சு பதினஞ்சடி நீளத்துக்கு அடிச்சுட்டுப் போயிடுச்சு, கீழ இருந்த கடலையும் சேந்து போச்சு. உச்சியில இருந்து முக்கால் அடி தாழ்த்தி, அடியிலயும் பக்கத்துலயும் கல்லு பதிங்க, தண்ணி விழுற இடத்துலயும் பதிக்கணும், இல்லன்னா அங்க குழி பறிச்சு பின்னாடியே ஏறி வரும்.

மேல கொழுக்கட்டைப் புல்லு இல்ல வெட்டிவேர் நடுங்க, நடுவுல துவரை போட்டுக்கலாம். பெரிய மரம் வேண்டாம், வேரு செத்தா அது தண்ணிக்குப் பாதை.

முதல் மழை விட்டதும் போய் சுத்திப் பாருங்க. எலி வளை, நண்டு வளை இருந்தா வாயை மட்டும் அடைக்காம, கடைசி வரைக்கும் வெட்டித் திறந்து மண்ணு போட்டு இடிச்சுடுங்க.