ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வலி மருந்து கொடுக்குறது எப்படி

ஹெர்னியா, டான்சில்னு சின்ன ஆபரேஷன்னா சீக்கிரமே டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க. டவுன்ல இருந்து தோட்டத்துக்கு (எஸ்டேட் வீட்டுக்கு) வந்து சேர்ற வரைக்கும் பிள்ள நல்லாத்தான் இருக்கும், ஆஸ்பத்திரில போட்ட மருந்து இறங்குனப்புறம்தான் ஆட்டமே. அழுதா கொடுக்கலாம்னு காத்திருக்காதீங்க, முதல் ரெண்டு மூணு நாளைக்கு டாக்டர் சொன்ன டைம்படி கொடுத்துடுங்க, வலி ஏறிட்டா அப்புறம் அடக்குறது கஷ்டம். டான்சில்னா ஒரு வாரத்துக்கு மேலயும் போகும், நடுவுல வலி கூடவும் செய்யும்.

கிளம்புறதுக்கு முன்னாடி மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) கடைசியா பாராசிட்டமோல் எத்தன மணிக்கு கொடுத்தாங்கன்னு கேட்டு எழுதிக்குங்க. ஆசனவாயில வைக்கிற மருந்துலயும் அதே பாராசிட்டமோல்தான் இருக்கலாம்.

இப்ப சிரப்புக்கு வருவோம், நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். ஒரு போத்தல்ல 5 மில்லியில 120 மில்லிகிராம்னு இருக்கும், இன்னொண்ணுல 250. ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, அப்ப 12 கிலோ பிள்ளைக்கு 180. முதல் போத்தல்ல அது 7.5 மில்லி, ரெண்டாவதுல வெறும் 3.6. முதல் போத்தல் அளவ ரெண்டாவதுலேர்ந்து ஊத்துனா டபுள் டோஸ் ஆயிடும், அதனால டாக்டர் எழுதுன அளவு எந்த போத்தலுக்குன்னு ஃபார்மசியில கேட்டுக்குங்க. டீ கரண்டி வேணாம், சிரிஞ்ச்தான். 4லேர்ந்து 6 மணி நேரத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல போகாதீங்க. சளி மருந்துலயும் பாராசிட்டமோல் கலந்திருக்கும், லேபிள் பாருங்க.

ஐபுப்ரோஃபென்னு இன்னொரு வலி மருந்து இருக்கு, அது டாக்டர் கொடுத்தா மட்டும். நம்ம மலேசியாவுல டெங்கி வேற, காய்ச்சல் இருந்தா அத கேக்காம கொடுக்காதீங்க. ஆஸ்பிரின் வேணவே வேணாம், பெரியவங்க குடிக்கிற கோடீன் இருமல் மருந்தும் 12 வயசுக்கு கீழ கூடாது, மூச்சையே அமுக்கிடும்.

பேசத் தெரியாத பிள்ளைன்னா முகம், கால், அசைவு, அழுகை, தூக்குனா அடங்குதான்னு பாருங்க, ஆஸ்பத்திரிலயும் இப்படித்தான் மார்க் போடுவாங்க. சத்தமே இல்லாம கால மடக்கிக்கிட்டு படுத்திருக்கறதும் வலிதான், பாட்டி சமத்துன்னு சொல்லும் லா. மைலோ ஆற வச்சு கொடுங்க, கார்ட்டூன் போடுங்க, மடியில வச்சுக்குங்க, அதுவும் மருந்து மாதிரிதான். காயத்துல தைலம் மட்டும் தடவாதீங்க.

டான்சில் பிள்ள தூக்கத்துல அடிக்கடி முழுங்கிக்கிட்டே இருந்தா, வாயில புது ரத்தம் தெரிஞ்சா, எழுப்புனா எழும்பலன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே 999 அடிங்க. ராத்திரில தோட்டத்துல வண்டி கிடைக்காது, பக்கத்து வீட்டுல கார் வச்சிருக்கவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.