என்.எஃப்.எல். பண்டராக நீடிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் உச்ச லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வொரு அணியிலும் 53 வீரர்கள். அந்த 53 பேரில் பண்டருக்கு என்று இருப்பது பொதுவாக ஒரே ஓர் இடம். அவருக்கு மாற்று ஆளும் கிடையாது. கல்லூரிகளில் நன்றாக உதைக்கிற பையன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வேலை 32 தான். கிடைத்த வேலையைப் பலர் இழப்பது காலில் பலம் இல்லாததால் அல்ல, வேலை எது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதால்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். மூன்றில் முடியவில்லை, நான்காவதும் தேறாது என்று தோன்றினால், பந்தை எதிரணியின் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பண்ட், அதை உதைப்பவர் பண்டர். எப்படியும் எதிரணிக்குப் போகப்போகிற பந்து, அவர்களுக்கு எவ்வளவு மோசமான இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதே கணக்கு.

முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. விக்கெட்டை மறந்துவிட்டு வேகமானியைப் பார்த்தே பந்து வீசுகிற பௌலரைப் போல, இளம் பண்டர்கள் தூரத்தைத் துரத்துகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சொந்தப் பக்கத்து 45 யார்டு கோட்டில் பந்து இருக்கிறது. எதிரணியின் கோல் கோட்டுக்கு இன்னும் 55 யார்டு. காலை வீசி உதைத்தால் பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுகிறது. அரங்கம் கைதட்டும், ஆனால் அது டச்பேக். பந்து 20 யார்டு கோட்டுக்குத் திரும்பி வரும், நிகர லாபம் 35 யார்டு. அதே இடத்திலிருந்து 45 யார்டுதான் உதைத்தார், ஆனால் பந்து நான்கரை விநாடி வானத்திலேயே நின்றது என்று வையுங்கள். அதற்குள் பக்கவாட்டில் ஓடுகிற இரண்டு கன்னர்களும் பந்தைப் பிடிப்பவரின் முகத்துக்கு எதிரே வந்துவிடுவார்கள். அவர் 10 யார்டு கோட்டில் பிடித்து, கையைத் தூக்கி ‘ஓடவில்லை’ என்று சைகை காட்டுவதோடு சரி. நிகரம் 45. அந்த வானத்து நேரத்துக்குப் பெயர் ஹேங் டைம். மயாமி டால்ஃபின்ஸ் அணியின் ரெஜி ரோபி கைக்கடிகாரம் கட்டிக்கொண்டே மைதானத்தில் இறங்கியவர்.

சராசரித் தூரத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. 1940-இல் சாமி பாவ் வைத்த 51.4 யார்டு சாதனை 82 ஆண்டுகள் நின்றது. (அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். எதிரணி எதிர்பாராத நேரத்தில் உதைத்து, பிடிக்க ஆளில்லாத இடத்தில் பந்தை உருளவிடுவது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய கணக்கோடு ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்.) 2022-இல் டென்னசி டைட்டன்ஸ் அணியின் ரயன் ஸ்டோன்ஹவுஸ், டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு) யாரும் எடுக்காத புதுமுகம், 53.1 சராசரியோடு அதை முறியடித்தார். மூன்றாவது சீசன் முடிந்ததும் அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

திசையை அலட்சியம் செய்வதுதான் மிக விலையுயர்ந்த தவறு. 2010 டிசம்பர் 19, நியூ மெடோலேண்ட்ஸ் அரங்கம். நியூயார்க் ஜயண்ட்ஸ் நான்காம் கால் பகுதியில் 31-10 என்று முன்னிலையில் இருந்தது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் விடாமல் துரத்தி 31-31 ஆக்கிவிட்டது. ஆட்டம் முடியச் சில விநாடிகள். ஜயண்ட்ஸின் புதுமுகப் பண்டர் மாட் டாட்ஜுக்குப் பயிற்சியாளர் டாம் காஃப்லின் கொடுத்த கட்டளை ஒன்றுதான்: பந்தைக் கோட்டுக்கு வெளியே உதை, ஈகிள்ஸின் டெஷான் ஜாக்சன் கையில் மட்டும் கொடுத்துவிடாதே. ஸ்னாப், அதாவது முன்னால் இருப்பவர் கால்களுக்கிடையே பின்னால் அனுப்பும் பந்து, உயரமாக வந்தது. டாட்ஜ் எட்டிப் பிடித்தார், அவசரத்தில் உதைத்தார், பந்து நேராக ஜாக்சனிடம் போனது. ஜாக்சன் முதலில் அதை நழுவவிட்டார், அப்புறம் எடுத்துக்கொண்டு 65 யார்டு ஓடினார். 38-31, ஆட்டம் முடிந்தது. மைதானத்தின் நடுவிலேயே காஃப்லின் டாட்ஜைக் கத்தித் தீர்த்ததை நாடே பார்த்தது. அந்த ஆண்டு ஜயண்ட்ஸ் பிளேஆஃபுக்குப் போகவில்லை. டாட்ஜின் என்.எஃப்.எல். வாழ்க்கையும் அந்த ஒரு சீசனோடு நின்றது.

இதில் எல்லோரும் டாட்ஜின் பதற்றத்தைப் பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. சரியான ஸ்னாப் வந்தால் வெளியே உதைக்க அவருக்குத் தெரிந்திருக்கும். தவறான ஸ்னாப் வந்த பிறகும் அதே திசையில் உதைக்கும் பழக்கம்தான் இல்லை. பயிற்சியில் நூறு நல்ல ஸ்னாப்பை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தலைக்கு மேலே வருவது, முழங்காலுக்குக் கீழே வருவது, ஈரப் பந்து என்று வேண்டுமென்றே கெட்ட ஸ்னாப் கேட்டு வாங்கி உதைத்துப் பழக வேண்டும். டாட்ஜ் யாருடைய இடத்துக்கு வந்தார் என்பதையும் பாருங்கள். ஜெஃப் ஃபீகிள்ஸ். டிராஃப்டில் எடுக்கப்படாமல் 1988-இல் நுழைந்து, 22 சீசன்களில் தொடர்ச்சியாக 352 ஆட்டங்கள் ஆடியவர். அசுரக் கால் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கோல் கோட்டுக்குச் சில யார்டு முன்னால் பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே தள்ளும் ‘காஃபின் கார்னர்’ கலைதான் அவருக்குச் சோறு போட்டது.

டாட்ஜுக்குப் பிறகு 2011-இல் வந்த ஸ்டீவ் வெதர்ஃபோர்டும் அதே வழிதான். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் அவருடைய முதல் பண்ட் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் 6 யார்டு கோட்டில் நின்றது. அடுத்த முயற்சியிலேயே பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி சொந்த கோல் பகுதிக்குள் நின்று பந்தை ஆளில்லாத இடத்தில் எறிய, அது விதிமீறலாகி ஜயண்ட்ஸுக்கு இரண்டு புள்ளி. பண்டர் புள்ளி எடுத்துத் தருவது என்றால் இப்படித்தான்.

அடுத்தது டிராப், அதாவது கையிலிருந்து பந்தை விடுவது. கெட்டுப்போன பண்டைப் பார்த்துக் காலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி கைதான். வலது காலால் உதைப்பவர் பந்தைப் பிடித்தவுடன் தையல் மேலே வருமாறு திருப்புகிறார். வலது கை பந்தைத் தாங்குகிறது, இடது கை பக்கத்தில் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு விலகுகிறது. பந்தின் மூக்கு லேசாகக் கீழே, லேசாக உள்பக்கம். இடுப்புயரத்தில் கை அப்படியே விட்டுவிட வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. உயரத்திலிருந்து விட்டால் பந்து விழுகிற நேரம் கூடும், அந்த நேரத்தில் காற்று புகுந்து விளையாடும். 1986 ஜனவரி 5 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் ஜயண்ட்ஸின் ஷான் லாண்டெட்டாவுக்கு நடந்தது அதுதான். ஏரிக் காற்று, பிளேஆஃப் ஆட்டம். கையிலிருந்து விட்ட பந்து காற்றில் விலகியது, கால் அதைத் தொட்டும் தொடாமலும் போனது. சிகாகோ பேர்ஸின் ஷான் கெயில் அதைப் பொறுக்கி 5 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். ஆனால் லாண்டெட்டா அதோடு முடிந்துபோகவில்லை. ஜயண்ட்ஸுடன் இரண்டு சூப்பர் பௌல் வென்றார், 2005 வரை ஆடினார். ஒரு கேவலமான உதை ஆளை அழிப்பதில்லை, அதற்குப் பயந்து டிராப்பையே மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அழிக்கும்.

நேரம். பண்டர் சுமார் 15 யார்டு பின்னால் நிற்கிறார். ஸ்னாப் வந்து சேர 0.8 விநாடிபோல. பிடித்து, இரண்டு எட்டு வைத்து, உதைப்பது எல்லாம் சேர்த்து இரண்டு விநாடி சொச்சத்துக்குள் முடிய வேண்டும். ஒரு எட்டு கூட வைத்தால் இன்னும் ஐந்து யார்டு கிடைக்கும் என்று நினைப்பவர்களின் பந்து தடுப்பவர் கையில் போய் முட்டும். சொந்த கோல் பகுதிக்குள் நிற்கும்போது அந்த 15 யார்டு இடமும் கிடைக்காது. 2022 செப்டம்பரில் டால்ஃபின்ஸின் தாமஸ் மோர்ஸ்டெட் அப்படி நெருக்கத்தில் உதைத்த பந்து, தனக்குக் காவலாக நின்ற சொந்த அணிக்காரரின் பின்புறத்தில் பட்டு வெளியே போனது. இரண்டு புள்ளி நஷ்டம். நல்லவேளை, அணி எப்படியோ ஜெயித்துவிட்டது, அதனால் இன்றுவரை சிரிக்கிறார்கள்.

பந்து கீழே விழுந்துவிட்டால் அதன் மேல் படுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2021-இல் சியாட்டில் சீஹாக்ஸின் மைக்கேல் டிக்சன், தடுக்கப்பட்ட பந்தைப் பொறுக்கி மறுபடி உதைத்து 68 யார்டு அனுப்பினாரே என்று கேட்பார்கள். அவர் டிக்சன். 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி 23-21 என்று முன்னிலையில் இருக்க, கடைசிப் பத்து விநாடியில் ஸ்னாப்பை நழுவவிட்ட பண்டர் எடுத்து உதைக்கப் பார்த்தார். பந்து எதிரணியான மிச்சிகன் ஸ்டேட்டின் கைக்குப் போய் டச்டவுன் ஆனது. படுத்திருந்தால் ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

டிக்சன் ஆஸ்திரேலியர். 1995-இல் டேரன் பென்னட் சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு ஆடத் தொடங்கியதிலிருந்து அந்த நாட்டுக்காரர்கள் தொடர்ந்து வருகிறார்கள். பந்து முன்பின்னாகச் சுழலும்படி உதைக்கிற அவர்களுடைய டிராப் பண்ட், விழுந்த இடத்திலிருந்து முன்னே ஓடாமல் நிற்க உதவுகிறது. அதை இன்று எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள், கற்க வேண்டியதுதான். ஆனால் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே உதைக்கிற ரக்பி பாணியை மட்டுமே நம்பி வருவது தவறு. கல்லூரி விதிப்படி ஸ்னாப் ஆனவுடன் எல்லோரும் முன்னே ஓடலாம். என்.எஃப்.எல்.லில் உதை விழும்வரை கோட்டைத் தாண்டி ஓட இரு ஓரங்களில் நிற்கிற இருவருக்குத்தான் அனுமதி. நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மற்றவர்கள் கோட்டிலேயே கிடப்பார்கள்.

பயிற்சியில் இரண்டு சின்ன விஷயம். தினமும் கால் சலிக்கும்வரை உதைக்காதீர்கள், எண்ணி உதையுங்கள். பழகி மெத்தென்று ஆன பழைய பந்திலேயே பழகாதீர்கள். 1999 முதல் ஆட்டத்தில் உதைப்பதற்கென்று தனியாக ‘கே’ குறியிட்ட பந்துகள்தான். 2024 வரை அவை புதுப் பந்துகளாகவே வந்ததால் வழுக்கின, விறைப்பாக இருந்தன.

இனி ஸ்டோன்ஹவுஸ் கதை. பெரும்பாலான அணிகளில் ஃபீல்டு கோலுக்கு (கிக்கர் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) பந்தைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் வேலையும் பண்டருக்குத்தான். 2023 டிசம்பரில் இண்டியானபோலிஸ் கோல்ட்ஸுடன் ஆடியபோது ஸ்டோன்ஹவுஸின் பண்ட் தடுக்கப்பட்டு, மோதலில் அவர் முழங்கால் போனது. கடைசிக் கட்டத்தில் டைட்டன்ஸ் டச்டவுன் அடித்துச் சமன் செய்தது. டச்டவுனுக்குப் பின் உதைத்து எடுக்கிற ஒரே ஒரு கூடுதல் புள்ளி போதும். பிடிக்க வந்தவர் மாற்றுக் குவார்ட்டர்பேக். உதை தவறியது, கூடுதல் நேரத்தில் தோல்வி. மறுநாளே உதைகளைக் கவனிக்கிற பிரிவின் பயிற்சியாளரை வேலையிலிருந்து எடுத்தார்கள். நல்ல ஹோல்டராக இருப்பது ஒரு பண்டருக்கு எவ்வளவு பெரிய காப்பீடு என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கால் கொஞ்சம் குறைந்தாலும், அணியின் கிக்கர் ‘இவர் பிடித்தால்தான் எனக்கு நிம்மதி’ என்று சொல்வார்.

பணம், ஒப்பந்தம். டிராஃப்டில் பெயர் வரவில்லையே என்று சோர்ந்துபோவது வீண். ஃபீகிள்ஸும் ஸ்டோன்ஹவுஸும் டிராஃப்டில் வராதவர்கள். நான்கு முறை முதல் ஆல்-ப்ரோ அணியில் (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) இடம்பிடித்த ஜானி ஹெக்கரும் அப்படித்தான். டிராஃப்ட் ஆகாதவருக்கு அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதிகம் கூப்பிடுகிற அணியை விட்டுவிட்டு, வயதான, சம்பளம் கூடிய பண்டர் இருக்கிற அணியைப் பார்ப்பதே நல்லது. ஏனென்றால் இந்தத் தொழிலில் சம்பளம் உயர்வதும் ஆபத்துதான். பத்து ஆண்டு ஆடிய ஹெக்கரை, சூப்பர் பௌல் வென்ற அடுத்த மாதமே, 2022 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் 12 சீசன் ஆடிய மோர்ஸ்டெட்டை அனுப்பியிருந்தது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று போட்டிருந்தாலும், உத்தரவாதம் தந்த தொகை மட்டுமே கைக்கு நிச்சயம். வீடு வாங்கும்போது அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேலை போனாலும் கதவு மூடிவிடாது. மோர்ஸ்டெட்டும் ஹெக்கரும் வேறு அணிகளுக்கு ஆடினார்கள். சீசன் நடக்கும்போது வேறு வீரர்களை வரவழைத்துச் சோதிக்க அணிகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையைத்தான் வைத்துக்கொள்ளும். திங்கள் இரவு போன் வரும், மறுநாள் காலை வேறு ஊரில், முன்பின் தெரியாத ஸ்னாப்பரோடு, குளிரில் உதைக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே வேலைக்கு நிற்பார்கள். அங்கே முதல் உதையிலேயே முழு பலத்தைக் காட்டப் பார்ப்பவர் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உடம்பு சூடாக நேரம் கேளுங்கள், தருவார்கள். ஹோல்டர் வேலையைச் சோதிக்காவிட்டால், நீங்களே கேட்டுச் செய்து காட்டுங்கள்.