திருகோணமலையில் வீடு வாங்கும்போது பேரத்தைக் கெடுக்கும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் பாலையூற்றில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். தரகர் கேற்றைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். கிணற்றடிக்குப் போன அம்மா ஒரு வாளி தண்ணீர் அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி, இப்பிடி ஒரு கிணறு இனிக் கிடைக்காது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முன் அறைக்குள் ஓடிய மகள், அது தன்னுடைய அறை என்றாள். அன்று மாலை விலை பேச உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் ஒரு சதமும் இறங்கவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். உண்மையில், இறங்க வேண்டிய தேவையே இல்லாதபடி அவரை ஆக்கியவர்கள் நாங்கள்தான்.

விலை பேசும்போது வாங்குபவரிடம் இருக்கும் பலம், சரிவராவிட்டால் எழுந்து போய்விடுவார் என்று விற்பவர் நம்புவதிலேயே இருக்கிறது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, நம்முடைய வாயாலேயே கெட்டுப்போகிறது. திருகோணமலை சிறிய பட்டினம். கோயில் வீதியிலும் பாடசாலை வாசலிலும் சொன்னது மறுநாள் தரகரின் காதில் விழும். கனடாவில் இருக்கும் அண்ணன் காசு அனுப்புகிறார் என்ற செய்தி பரவினால், பார்க்கப் போகும் ஒவ்வொரு வீட்டின் விலையும் அந்த அண்ணனை நினைத்தே சொல்லப்படும். தரகர் இயல்பாகக் கேட்பது போலக் கேட்கும் சில கேள்விகள் உண்டு: வங்கி எவ்வளவு தரும், எப்போது குடிபோக வேண்டும், வேறு எங்காவது பார்த்தீர்களா. இவற்றுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை, ஆனால் முழுப் பதிலும் தேவையில்லை. மகளின் கலியாணத்துக்கு முன் பால் காய்ச்ச வேண்டும் என்று சொல்லிவிட்டால், அந்த நாள் நெருங்க நெருங்க நாம் இறங்குவோம் என்பதை மறுபக்கம் அறிந்துகொண்டு பொறுமையாகக் காத்திருக்கும். தரகரை நான் குறை சொல்லவில்லை. விலை கூடினால் அவருடைய தரகுப் பணமும் கூடும் என்பதை மறந்து அவரை நம் வீட்டு ஆளாக நினைப்பது நம்முடைய பிழை.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசையின் பெயருக்குக் காணி எழுதுவது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. இலங்கையின் இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், யார் பெயரில் எழுதப்படும் என்பதை முற்பணம் கொடுத்த பிறகு யோசிக்கத் தொடங்கினால், விற்பவரிடம் தவணை கேட்டு நிற்கும் நிலைக்கு நாமே வந்துவிடுவோம்.

வீட்டைக் கோடையில் மட்டும் பார்ப்பது இங்கு அடிக்கடி நடக்கும் மற்றொரு தவறு. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வளவை ஒரு விடுதியாகவே கற்பனை செய்து விலை சொல்வார். அதே வளவை வடகீழ்ப் பருவ மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் போய்ப் பார்த்தால் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கலாம், மலசலகூடக் குழி நிரம்பியிருக்கலாம். மாரியில் போக முடியாதவர்கள் சுவரின் அடிப்பகுதியையாவது கவனிக்க வேண்டும். புதிதாகப் பூசிய வர்ணத்துக்குக் கீழேயும் வெள்ளக் கோடு மெல்லத் தெரியும். கடற்கரையை அண்டிய வளவாக இருந்தால் கிணற்று நீரை வறட்சி முற்றிய காலத்தில் சுவைத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மழைக்குப் பிறகு உவர்ப்புக் குறைந்திருக்கும். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், அதற்குள் புதிதாகக் கட்டுவதற்கும் விரிவாக்குவதற்கும் அனுமதி பெற வேண்டியிருக்கும். "மேலே இன்னொரு மாடி போடலாம்" என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை கேட்பவரிடம் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, உறுதியைப் பார்ப்பதற்கு முன் விலையை முடிப்பது. விலை முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் குறையைச் சொன்னால் அது சாட்டுப் போலக் கேட்கும்; முன்பே தெரிந்திருந்தால் அதுவே விலையைத் தீர்மானிக்கும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது பதிவுகளைத் தேடுவிக்க வேண்டும். ஈடு (அடமானம்) மீட்கப்பட்டிருக்கிறதா, தாய்க்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்துப் பிள்ளைக்கு எழுதிய நன்கொடை உறுதியா, சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்கு உள்ளதா என்பவை அங்கேதான் வெளிவரும். அரச காணியின் அனுமதிப் பத்திரத்தையோ அளிப்புப் பத்திரத்தையோ காட்டி "இதுவும் உறுதி மாதிரித்தான்" என்று சொல்வோர் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை வைத்திருப்பவர் தன் விருப்பப்படி விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டால் நிலைமை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கசியும் கூரை, பழைய மின்கம்பி, இடிந்த மதில் ஆகியவை விலையைக் குறைக்கக் கேட்பதற்கான காரணங்கள். உரித்தில் உள்ள ஓட்டை அப்படிப்பட்டதன்று. இருபது இலட்சம் குறைத்துத் தருகிறார்கள் என்பதற்காகப் பிழையான உறுதியை ஏற்றுக்கொள்பவர் வழக்கு ஒன்றை விலைக்கு வாங்குகிறார். பின்னர் அந்த வீட்டை விற்கப் போகும்போது அதே குறையைச் சொல்லி அவரிடமும் குறைத்துக் கேட்பார்கள்.

அளவும் இதைப் போன்றதே. பழைய உறுதிகளில் எல்லைகள் இறந்துபோன அயலவர்களின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். போர்க்காலத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்திருந்தபோது வேலிகளும் இடம்பெயர்ந்தன. உறுதியில் 20 பேர்ச்சஸ் என்று இருக்க, நில அளவையாளர் சங்கிலி பிடித்தால் 18.5 மட்டும் வரலாம். பேர்ச் ஐந்து இலட்சம் என்று பேசியிருந்தால் வேலிக்கு அப்பால் போனது ஏழரை இலட்சம். ஆகவே மொத்த விலையாகப் பேசாமல், புதிய அளவைப் படத்தில் வரும் பேர்ச்சுக்கு இவ்வளவு என்று பேசுவது வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

முற்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருவதை நம்மவர்கள் நம்பிக்கையின் அடையாளமாகக் கருதுகிறார்கள். சட்டம் அப்படிக் கருதுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து இலட்சம் கொடுத்தவர் வீட்டுக்கு உரிமை கோர முடியாது, ஆனால் அந்த ஐந்து இலட்சத்தை விட்டுவிட மனமில்லாமல் பேரத்தில் கட்டுண்டு கிடப்பார். விற்பவரோ அதற்குள் வேறொருவரிடம் கூடிய விலை கேட்டுக்கொண்டிருப்பார். உடன்படிக்கையை நம்முடைய நொத்தாரிசைக் கொண்டு எழுதுவித்துப் பதிவு செய்தபின் முற்பணம் கொடுப்பதே முறை. செலவு நம்முடையது என்பதால் நொத்தாரிசைத் தெரிவு செய்வதும் நம்முடைய உரிமை. விற்பவரின் ஆளிடம் போவதில் எந்த மிச்சமும் இல்லை.

வீட்டுக்காரர் இலண்டனில், அற்றோர்ணித் தத்துவம் (அவர் சார்பில் செயற்படுவதற்கான அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் இங்கே என்றால் பேரம் வேறு விதமாகும். நாம் ஒரு தொகை சொல்வோம், அவர் "தம்பியிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார். மறுநாள் நம்முடைய தொகையிலிருந்தே அடுத்த பேச்சுத் தொடங்கும். எனவே நம் பக்கத்திலும் கேட்டுச் சொல்ல மனைவியோ மாமாவோ ஒருவர் இருக்கட்டும், அவரை முதல் நாளே கூட்டிச் செல்லாதீர்கள். தத்துவத்தில் விற்கும் அதிகாரம் எழுதப்பட்டுள்ளதா, அது பதிவு செய்யப்பட்டுள்ளதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். அவர் இறந்தால் அந்த அதிகாரமும் போய்விடும்.

செலவுக் கணக்கையும் முன்பே போட்டு வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடி ரூபாய் வீட்டுக்கு அது 5,99,000 ரூபாய், நொத்தாரிசுக் கட்டணம் தனி. இதை மறந்து கடைசி விலையைச் சொன்னவர் பிறகு இறங்கிக் கேட்டால் அவருடைய வார்த்தைக்கு மதிப்பிருக்காது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டத்துக்கு மாறானது. நாளை பிணக்கு வந்தால் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிக்க வழியிராது.

கடைசித் தவறு உறுதி எழுதும் நாளில் நடப்பது. பின் அறையில் வாடகைக்கு இருப்பவர் "அடுத்த மாதம் எழும்பிவிடுவார்" என்ற சொல்லை நம்பி முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார்கள். வீடு வெறுமையாகித் திறப்பு கைக்கு வரும்வரை ஒரு பகுதியை நொத்தாரிசிடம் வைத்திருக்கலாம், ஆதன வரி, மின்சாரம், தண்ணீர்ப் பாக்கிகளையும் அதிலிருந்தே தீர்க்கலாம். கையெழுத்திட்ட உறுதியை அன்றோ மறுநாளோ காணிப் பதிவகத்தில் கையளித்து, பதிவுக்கு ஏற்றுக்கொண்டதற்கான இலக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே காணியை இருவருக்கு எழுதியிருந்தால், முந்திப் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை.