மஸில்லோடர் ரைஃபிளுக்கு முலாம் பூசிய குண்டும் சபோவும்: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஜனவரித் தொடக்கத்தில் மஸில்லோடருக்கென்று ஒதுக்கிய மான் வேட்டை நாட்கள் வருகின்றன. குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டித்து, ஒரே ஒரு முறை சுடும் ரைஃபிள்தான் மஸில்லோடர். புதிதாக வாங்கியவர்கள் கடையில் முதலில் எடுப்பது, குண்டும், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணமான சபோவும் சேர்ந்து 15 அல்லது 20 இருக்கும் சிறிய பொட்டலம். அதன் விலை கையைக் கடிப்பதால் நான்கைந்து முறை சுட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வேட்டைக்கென்று பத்திரப்படுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. பயிற்சி இல்லாத கையால் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, கண்டுபிடிக்கப்படாமலே செத்துப்போகிறது. செலவைக் குறைக்கச் சொல்வது நிறையச் சுட்டுப் பழகுவதற்காகத்தான்.

படி 1: குழலின் விட்டத்தையும் புரியையும் பாருங்கள்

குழலின் மேல் பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள். பெரும்பாலும் .50 என்றிருக்கும், உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அடுத்தது புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் திருகுபோல் ஓடும் வரிகள். 1:28 என்றால் குண்டு 28 அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றும். இப்போது விற்பனையாகும் இன்லைன் வகை (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி குழலுக்கு நேர் பின்னால் இருக்கும்) ரைஃபிள்களில் இதுவே வழக்கம். பழைய பாணி ரைஃபிள்களில் 1:48 அல்லது 1:66 இருக்கும்.

நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். நண்பர் ஒருவர் தமது 1:48 ரைஃபிளுக்கு மலிவாகக் கிடைத்ததென்று 300 கிரெயின் (சுமார் 15 கிரெயின் ஒரு கிராம்) எடையுள்ள நீளக் குண்டுகளை மொத்தமாக வாங்கிவிட்டார். 50 கஜத்தில் இலக்குத் தாளெங்கும் சிதறிய துளைகள். அவற்றில் ஒன்று முட்டை வடிவம். குண்டு பக்கவாட்டில் திரும்பி மோதியிருக்கிறது. 1:66 புரி உள்ளவர்கள் சபோவை மறந்துவிட்டு, துணி சுற்றிய உருண்டை ஈயக் குண்டையே பயன்படுத்துங்கள். அதைவிட மலிவானது வேறில்லை.

படி 2: மாநில விதியைப் படியுங்கள்

இதைக் காசு கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் சபோவுக்கே தடை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. முலாமுக்கு உள்ளே இருப்பதும் ஈயம்தான் என்பதால் அங்கே அதுவும் செல்லாது.

படி 3: முலாம் வேறு, உறை வேறு

சபோ என்பது பிரெஞ்சில் மரக்காலணி. இங்கே அது குண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம். குழலைவிடச் சிறிய குண்டைக் கிண்ணத்தில் வைத்துக் கெட்டிக்கிறோம். புரியைப் பற்றிச் சுழல்வது பிளாஸ்டிக். குழலை விட்டு வெளியே வந்ததும் அதன் இதழ்கள் விரிந்து கழன்றுவிடும். இதனால் .50 ரைஃபிளில் கைத்துப்பாக்கிக்கென்று செய்த .452 அல்லது .430 அங்குலக் குண்டுகளையே சுடலாம். அவை 50, 100 என்று பெட்டியாகக் கிடைக்கும். சபோவைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டால் ஒரு வெடிக்கு ஆகும் செலவு நன்றாகவே குறையும்.

ஆனால் எந்தக் குண்டை எடுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உறையிட்ட குண்டில் தடித்த தாமிரத் தகடு ஈயத்தைப் போர்த்தியிருக்கும். முலாம் பூசிய குண்டில் மின்முறையில் படிய வைத்த தாமிரம் இருக்கும். அது மெல்லியது, மலிவானது. சாதாரண முலாம் குண்டுகள் விநாடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்படுபவை. மஸில்லோடரில் 100 கிரெயின் மருந்தோடு 250 கிரெயின் குண்டு 1,600 அடிக்கும் மேலே போகும். புரி நேரடியாகத் தொடாததால் குழலுக்குள் முலாம் உரியாது. தாள் இலக்குக்கு இது போதும். மானின் உடலில் அந்த வேகத்தில் மோதும்போது அது எப்படி விரியும், எவ்வளவு ஆழம் போகும் என்பதை நம்ப முடியாது. .45 ஏசிபி கைத்துப்பாக்கிக்கான 185, 230 கிரெயின் குண்டுகளையும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்கு, இந்த வேகத்துக்கென்றே செய்த முலாம் குண்டை வாங்குங்கள். ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஸ்கார்ப்பியன் அப்படிப்பட்டது. அல்லது .44 மேக்னம் போன்ற வலுவான தோட்டாவுக்கான உறைக் குண்டு, உதாரணமாக 240 கிரெயின் ஹார்னடி எக்ஸ்டிபி. பவர்பெல்ட் என்ற குண்டிலும் தாமிர முலாம் உண்டு. ஆனால் அது குழலளவுக் குண்டு; அடியில் பிளாஸ்டிக் வளையம் இருப்பதால் சபோ தேவையில்லை.

படி 4: குழலுக்குப் பொருந்தும் சபோ

என் அனுபவத்தில் குண்டின் தரத்தைவிடச் சபோவின் பொருத்தமே குறியைத் தீர்மானிக்கிறது. .50 குழலுக்கான சபோவில் இரண்டு வகை உண்டு: .45 (அதாவது .452 அங்குல) குண்டுக்கு மெல்லிய சுவர், .44 (அதாவது .430 அங்குல) குண்டுக்குத் தடித்த சுவர். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். ஒரே அளவு பொறித்த இரண்டு குழல்களுக்குள்ளும் நூலிழை வித்தியாசம் இருக்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று வகைகளில் சிறு பொட்டலம் மட்டும் வாங்குங்கள். எம்எம்பி, ஹார்வெஸ்டர் ஆகிய இரண்டு நிறுவனங்களுமே தனிச் சபோ விற்கின்றன. ஹார்வெஸ்டரின் க்ரஷ் ரிப் வகையில் சிறு வரிகள் நசுங்கிக்கொடுக்கும். இறுக்கமான குழலில் எளிதாக இறங்கும்.

கெட்டிக்கும் கோலால் ஒரே சீராக அழுத்தும்போது இறங்கினால் சரி. தன் எடையிலேயே வழுக்கி விழுந்தால் அது தளர்வு. குண்டு மருந்தை விட்டு நகர்ந்து இடைவெளி விழுந்தால் குழலே சேதமாகலாம். அடித்துத்தான் இறக்க வேண்டுமென்றால் அது இறுக்கம். பிளாக்ஹார்ன் 209 மருந்து போடுபவர்களுக்குச் சற்று இறுக்கமானதே நல்லது. தளர்ந்தால் அது ஒழுங்காகப் பற்றாது.

படி 5: சுட்டுப் பாருங்கள்

கண்ணாடியும் காதடைப்பானும் அணியுங்கள். கருமருந்து அல்லது அதற்கு மாற்றாக விற்கும் மருந்து மட்டும். அளவு ரைஃபிளின் கையேட்டில் உள்ளதைத் தாண்டக்கூடாது. இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைச் சாதாரண மஸில்லோடரில் போட்டால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்கார்ந்ததும் கோலில் குழல்வாய் அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாயோடு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத் துணியால் ஒரு முறை, உலர் துணியால் ஒரு முறை துடையுங்கள். குழல் ஆறும்வரை காத்திருங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் குறி அலையும். 25 கஜத்தில் தொடங்கி, 50, 100 என்று போங்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று வெடி.

சுடுதளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு முன்னால் நடந்து, விழுந்த சபோக்களைப் பொறுக்குங்கள். புதியவர்கள் இதைச் செய்வதில்லை. எனக்கோ இலக்குத் தாளைவிட இதுவே அதிகம் சொல்கிறது. இதழ்கள் பூப்போல ஒரே சீராக விரிந்து, அடிப்பாகம் முழுதாக இருந்தால் அந்தச் சபோ உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துக்கொண்டது. ஒரு பக்க இதழ் கிழிந்திருந்தாலோ அடிப்பாகம் கருகி ஓட்டை விழுந்திருந்தாலோ மருந்தைக் குறையுங்கள், அல்லது மருந்துக்கும் சபோவுக்கும் நடுவில் கம்பளி வட்டு ஒன்றை வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வேறு சபோ.

படி 6: மொத்தமாக வாங்குங்கள்

தேறிய ஜோடி தெரிந்த பிறகுதான் பெரிய பெட்டி. பயிற்சிக்கு வேட்டைக் குண்டின் எடைக்கும் விட்டத்துக்கும் நெருக்கமான மலிவான முலாம் குண்டை எடுங்கள். சபோவும் மருந்தும் மாறக்கூடாது. வேட்டைக்கு முந்தைய வாரம் வேட்டைக் குண்டையே போட்டுக் குறியை மறுபடியும் சரிபாருங்கள். குளிரில் சபோ விறைத்துச் சற்றுக் கடினமாக இறங்கும் என்பதால், அந்தச் சோதனையை டிசம்பர்க் குளிரில் வெளியே நின்று செய்யுங்கள்.