புதிய ரேம் பழைய ரேமோடு ஒத்துப்போகாதபோது: மேசைக் கணினியில் பழுதைக் கண்டறியும் முறை

மேசைக் கணினியின் வேகத்தைக் கூட்ட இன்னொரு ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கிச் செருகியதும் டிஸ்ப்ளே வராமல் போவதும், சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு நீலத்திரை காட்டி நின்றுவிடுவதும் பலருக்கும் நேரும் சிக்கல்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய கணினியைக் கைவிட மனமின்றி, உள்ளூர்க் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பயன்படுத்திய ரேமை வாங்கிச் சேர்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்த ரேம் வேலை செய்யாவிட்டால், அது கெட்டுப்போனது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்த முடிவு தவறாக இருக்கிறது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: அந்த ரேம் உங்கள் மதர்போர்டுக்கு (கணினியின் பாகங்கள் பொருந்தும் முதன்மைச் சுற்றுப்பலகை) உரிய வகையே இல்லை, ரேமோ அதைச் செருகும் ஸ்லாட்டோ பழுதாகியிருக்கிறது, அல்லது இரண்டு ரேம்களும் தனித்தனியே நல்லவையாக இருந்தும் சேர்ந்து இயங்க மறுக்கின்றன. இவற்றைப் பிரித்தறிய, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், கணினி ஓடத் தொடங்கினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

படி 1: மின்சாரத்தை முழுமையாக நிறுத்துதல்

கணினியை அணைத்துவிட்டு, மின்கம்பியை யூபிஎஸ்ஸிலிருந்தும் பிடுங்கிவிடுங்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் யூபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, தேங்கியிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். ரேமைத் தொடுவதற்கு முன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த விரல்களால் தங்கநிற முனைகளைத் தொடாமல், ரேமை விளிம்புகளில் பிடித்தே கையாளுங்கள்.

படி 2: லேபிளைப் படித்தல்

பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான், ஏனெனில் பாதிச் சிக்கல்கள் இங்கேயே தெரிந்துவிடும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறை வகைகள். டிடிஆர்3 ரேமில் 240 முனைகளும் டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் 288 முனைகளும் உள்ளன. எனினும் நடுவிலுள்ள வெட்டு ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஸ்லாட் உடைந்தால் மதர்போர்டையே மாற்ற நேரிடும். இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர்களுக்கு டிடிஆர்3எல் (குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் டிடிஆர்3) மதர்போர்டுகளும் டிடிஆர்4 மதர்போர்டுகளும் விற்பனைக்கு வந்தன. அதுபோலவே பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு வகைகளும் உள்ளன. ஆகவே பிராசஸரின் பெயரை மட்டும் கடையில் சொல்லி ரேம் வாங்குவது போதாது.

அடுத்து வேகத்தைப் பாருங்கள். பிசி4-19200 என்று இருந்தால் அது 2400 வேகம். பிசி4-25600 என்றால் 3200. பெரிய எண்ணை எட்டால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். 2400 ரேமையும் 3200 ரேமையும் சேர்த்தால், பொதுவாக இரண்டும் 2400-இலேயே ஓடும். இதைப் பழுது என்று கருத வேண்டியதில்லை.

மின்னழுத்தமும் முக்கியம். டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் ரேமுக்கு 1.35 வோல்ட், டிடிஆர்4 ரேமுக்கு 1.2 வோல்ட் என்பது வழக்கமான அளவு. டிடிஆர்3எல் ரேம் 1.5 வோல்ட்டையும் தாங்கும் என்பதால் பழைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் ஆறாம் தலைமுறையின் டிடிஆர்3எல் மதர்போர்டில் சாதாரண டிடிஆர்3 ரேமைச் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயன்படுத்திய ரேமை வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய எழுத்து ஒன்று உண்டு. லேபிளில் வேகத்தைக் குறிக்கும் எண்ணை அடுத்து ‘யு’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் அது மேசைக் கணினிக்குரிய சாதாரண ரேம். ‘ஆர்’ என்று இருந்தால் சர்வருக்குரிய ரெஜிஸ்டர்டு ரேம். நீக்கப்பட்ட சர்வர்களிலிருந்து எடுத்த இந்த ரேம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வடிவமும் ஒன்றே என்பதால் டிடிஆர்3, டிடிஆர்4 ஸ்லாட்டுகளில் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆயினும் வழக்கமான மேசைக் கணினி மதர்போர்டுகள் அவற்றைக் கொண்டு இயங்குவதில்லை. அதேபோல், ரேமில் சிப்கள் அமைந்திருக்கும் விதத்தைக் குறிக்கும் 2ஆர்எக்ஸ்8 என்பதற்குப் பதிலாக 2ஆர்எக்ஸ்4 என்று லேபிளில் இருந்தால், இன்டெல் மேசைக் கணினிக்கு அந்த ரேமைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு ரேமையும் தனியாகச் சோதித்தல்

இரண்டையும் கழற்றிவிட்டு, பழைய ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் செருகிக் கணினியை இயக்குங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் செருகி இயக்குங்கள். இரண்டும் ஓடினால், ஓடும் ஒரு ரேமை மற்ற ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றிலும் மாற்றிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமும் ஓடவில்லை என்றால் குறை அந்த ஸ்லாட்டில் இருக்கக்கூடும். பீப் ஒலி கேட்டால் அதன் பொருளை மதர்போர்டு கையேட்டில் பாருங்கள்; அது பயாஸுக்கு (கணினி துவங்கும்போது முதலில் ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பயாஸ் மாறும். டிடிஆர்5 கணினியாக இருந்தால், ரேம் மாற்றிய பின் முதல்முறை சில நிமிடங்கள் வரை திரை இருண்டிருக்கலாம், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கடற்கரை ஊர்களில் இந்தப் படியோடு துப்புரவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் ரேம் முனைகளில் மெல்லிய படலம் படிகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாட்களில், மின்சாரமின்றி ஈரமான அறையில் மூடிக் கிடக்கும் கணினி பிறகு டிஸ்ப்ளே தராமல் போவதற்கு இப்படலமும் ஒரு காரணமாகலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் முனைகளை மெதுவாகத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு செருகுங்கள். அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும், அழுத்தித் தேய்த்தால் தங்க முலாம் தேய்ந்துவிடும், துகள்களும் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை. ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் தூசியை பிளோயரால் ஊதிவிட்டால் போதும்.

படி 4: இரண்டையும் சேர்த்துச் செருகுதல்

தனித்தனியே நன்றாக ஓடிய ரேம்களை இப்போது சேருங்கள். நான்கு ஸ்லாட் கொண்ட பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் இரண்டு ரேம்களுக்கு உரியவை. கையேட்டில் ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். இருபுறமும் கிளிப் பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்கும்வரை அழுத்துங்கள். ஒருபுறத்தில் மட்டுமே கிளிப் உள்ள மதர்போர்டில் மறுமுனை நன்றாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அரைகுறையாகச் செருகிய ரேமே பல நேரங்களில் ஒத்துப்போகாத ரேம் என்று பெயர் வாங்குகிறது.

4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்தால் ஓடாது என்பது தவறான எண்ணம். இன்டெல் மதர்போர்டுகளில் இரண்டிலும் உள்ள 4 ஜிபி அளவு டூயல் சேனலாகவும் (இரு பாதைகளில் ஒரே நேரத்தில்), மிஞ்சிய 4 ஜிபி ஒற்றைச் சேனலாகவும் இயங்கும்.

படி 5: பயாஸில் வேகத்தைத் தணித்தல்

சேர்த்த பிறகே தகராறு வருகிறது என்றால், பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும்) அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஒரு ரேமின் வேகத்துக்கும் டைமிங்குக்கும் (தரவைத் தர ரேம் எடுக்கும் தாமத அளவுகள்) ஏற்ற அமைப்பு. மற்ற ரேம் அதற்கு ஈடுகொடுக்காமல் தடுமாறும். அதை அணைத்து, டைமிங்கை ஆட்டோவில் விட்டு, வேகத்தை இரண்டில் குறைந்ததற்கு நீங்களே மாற்றுங்கள். அப்படியும் நிலைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். டிஸ்ப்ளேயே வராத நிலையில், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்திருந்து மீண்டும் பொருத்தினால் பயாஸ் தன் இயல்பான தொடக்க அமைப்புக்குத் திரும்பும்; தேதியையும் நேரத்தையும் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 6: சோதனை ஓட்டம்

விண்டோஸ் திரை வந்துவிட்டதே என்று இங்கே நிறுத்திக்கொள்ளக் கூடாது. நினைவகப் பிழை ஓசையின்றிக் கோப்புகளைச் சிதைக்கும். ப்ராஜெக்ட் அறிக்கையோ கடைக் கணக்கோ கெட்ட பிறகுதான் தெரியவரும். மெம்டெஸ்ட்86 என்னும் ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றுகளையும் இரவோடு இரவாக ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்தச் சேர்க்கையை ஏற்காதீர்கள். பிழை தரும் ரேமைத் தனியாகச் சோதிக்கையில் பிழை வரவில்லை என்றால், சிக்கல் சேர்க்கையில்தான் இருக்கிறது.

கணினி ஓடுகிறது, ஆனால் 8 ஜிபி செருகியும் 4 ஜிபிக்கும் குறைவாகவே பயன்படுத்த முடிவதாகக் காட்டுகிறது என்றால், ரேமைக் கழற்றுவதற்கு முன் விண்டோஸ் 32-பிட் பதிப்பா என்று பாருங்கள். வீட்டுக் கணினிகளுக்குரிய அப்பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்துவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் இரண்டும் சேர்ந்து ஓட மறுத்தால், மேலும் மல்லுக்கட்டாமல், ஒரே பெட்டியில் இணையாக வரும் இரண்டு ரேம்களை வாங்குவதே சிறந்தது என்பது என் கருத்து. கடைக்குப் போகும்போது பழைய ரேமையும் மதர்போர்டின் மாடல் எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.